தலைமாட்டுக் குரோட்டன்ஸ்

பந்துல், தெற்குக் கால்வாய்த் தெரு
ரூவா மாதம் ஆறாம் நாள்

மரியாதைக்குரிய மூத்த அக்கா ரூபியெம் அவர்களின் முழங்காலில் நெற்றி வைத்து, தம்பி பொனிரான் லம்புங்குக்கு எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கருணையால் இங்கே நானும் என் வீட்டுக்காரி தர்ஸினாவும் சுகம். அவளுடைய இடது முழங்கால் மட்டும் சுகமில்லை; ஆனால் வாய் அதையும் சேர்த்து வேலை செய்வதால் வீட்டில் ஒன்றும் நின்றுபோகவில்லை. அங்கே அத்தானுக்கு இருமல் குறைந்திருக்கும் என்றும், மிளகுக்கொடிகள் இந்த வருடம் ஏமாற்றவில்லை என்றும் நம்புகிறேன். நீங்கள் கப்பலும் பஸ்ஸும் ஏறி வரப்போவதாக எழுதிய கடிதம் கிடைத்தது. தர்ஸினா அதைக் கேட்டதும் முன்னறைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிவிட்டாள். அடித்துக்கொண்டிருக்கிறேன்.

இதைக் கைப்பேசியில் சொல்லியிருக்கலாம் அக்கா. ஆனால் நான் ‘அம்மா’ என்று தொடங்கினாலே நீங்கள் அழ ஆரம்பித்துவிடுவீர்கள், அழுது முடித்துத் திட்ட ஆரம்பிக்கும்போது தொடர்பு அறுந்துவிடும், பாதித் திட்டு உங்களிடமே தங்கிவிடும். அது உங்கள் இரத்த அழுத்தத்துக்கு நல்லதில்லை. ஆகையால் கடிதம். உட்கார்ந்து படியுங்கள். நீங்கள் பதினொரு வருடம் கழித்து வருகிறீர்கள். நோன்புக்கு முன்னால் அம்மாவின் கபரைச் சுத்தம் செய்து பூத் தூவ வேண்டும், அதற்காகத்தான் இத்தனை தூரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் கபர் எது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிவிட்டேன். இனி அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

எல்லாம் புரிங் செடியால் வந்தது. நம் காலத்தில் புரிங் என்றால் கபர்ஸ்தானில் நிற்கும் செடி. அதன் ஒரு இலையைப் பறித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்ததற்காக அம்மா என்னைக் கிணற்றடியில் நிறுத்திக் குளிப்பாட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தச் செடிக்கு இப்போது வந்திருக்கும் வாழ்வைப் பார்க்க அம்மா இல்லை. நகரத்துக்காரர்கள் அதைக் குரோட்டன்ஸ் என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்று ‘ஆமை’, ஒன்று ‘ராஜா கம்மல்’. பக்கத்து ஊரில் ஒருவர் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டு ஒரு ‘ஆமை’யை வாங்கி வந்தார், இப்போது அவர் வேலைக்கு நடந்து போகிறார், போகும் வழியில் எல்லாரிடமும் செடி நலம் என்று சொல்கிறார். சப்கலெக்டர் வீட்டு வாசலிலும், பல் டாக்டர் வீட்டு வாசலிலும், எங்கு பார்த்தாலும் தொட்டியில் புரிங். பல் டாக்டரின் வாசலில் பார்த்தபோது எனக்கு உள்ளே போகத் தைரியம் வரவில்லை, பல்வலியோடு திரும்பிவிட்டேன்.

அம்மாவை அடக்கம் செய்த அன்று நீங்கள் தலைமாட்டில் ஒரு புரிங் குச்சியை நட்டீர்கள் அல்லவா? நீங்கள் லம்புங் போன பிறகு அது என்னைவிட உயரமாகிவிட்டது அக்கா. இலை ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். நடுவே மிளகாய்ப்பழச் சிவப்பு, ஓரத்தில் மஞ்சள், அடியில் கத்தரிக்காய்க் கறுப்பு. அப்பாவுக்குப் பழைய பகுதியில் பெயர் பொறித்த கல் இருக்கிறது, அங்கே ஒரு பிரச்சினையும் இல்லை. அம்மாதான் “எம்மேல கல்லு வெக்காதீங்கடா, ஆயுசு முழுக்க உங்கப்பனச் சுமந்தாச்சு” என்று சொல்லிவிட்டுப் போனாளே. மரக்கட்டை அடையாளத்தைக் கரையான் தின்றுவிட்டது. பிறகு பூகம்பம் வந்தது. அன்று ஒரே நாளில் அந்த வரிசையில் மட்டும் ஏழு பேரை அடக்கினோம். இடம் பார்க்கவோ அளக்கவோ யாருக்கும் மனம் இல்லை, இருந்த இடைவெளியில் எல்லாம் தோண்டினோம். நானும் தோண்டினேன். இப்போது கம்போஜா மரத்தடியிலிருந்து வேலி வரை பதினான்கு மேடுகள். ஆனால் நான் ஒருநாளும் அவற்றை எண்ணியதில்லை. போவேன், சிவப்புப் புரிங் தெரியும், அங்கே உட்காருவேன். எண்ணவேண்டிய அவசியமே வரவில்லை.

நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் நடுவில் வெளியூர் ஆள் ஒருவன் வந்தான். வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி. அம்மாவின் செடியைச் சுற்றிச் சுற்றி வந்தான். “பாக்” என்று மரியாதையாகவே கூப்பிட்டு, “இதக் குடுங்க, நீங்க கேக்கறதத் தரேன்” என்றான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு “இது எங்கம்மா தலைமாடு தம்பி, உங்கம்மா தலைமாட்டுல போய்க் கேளு” என்றேன். ஊரில் இதை நான் பலரிடம் சொல்லி நல்ல பெயர் வாங்கினேன். ஆனால் மழைக்காலம் முடிவதற்குள் கபர்ஸ்தானில் புரிங் ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தது. நம் கபர்ஸ்தான் காவலர் சொகிரானைக் கேட்டால், “நான் கண்ணு மூடலையே, மதியம் மட்டும் கொஞ்சம் மூடினேன்” என்றார். மதியம்தான் திருடினார்கள். கடைசியில் அந்த வரிசையில் மிஞ்சியது அம்மாவுடையது ஒன்றுதான்.

அப்போதுதான் அக்கா, நான் புத்திசாலியாக இருந்தேன். திருடன் வருவதற்கு முன்னால் நானே பெயர்த்தெடுத்து வீட்டில் வைத்துக் காப்பாற்றி, இந்த மோகம் அடங்கியதும் திருப்பி நட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒரு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு மண்வெட்டியோடு போனேன். “அம்மா, கொஞ்ச நாளைக்குத்தான்” என்று சொல்லிவிட்டு மெதுவாகத் தோண்டினேன். அதிகம் ஆழம் போகப் பயம், யாரைத் தோண்டுகிறோம் என்ற நினைவு இருந்ததால் வேர் பாதி அறுந்தது. செடியின் பால் சட்டை முழுக்கப் பட்டுக் கறையாகிவிட்டது. அது இன்னும் போகவில்லை. குழி இருந்த இடத்தில் அடையாளத்துக்கு ஒரு மூங்கில் கழியை ஊன்றிவிட்டு, செடியைச் சைக்கிளில் கட்டி எடுத்துவந்தேன்.

தர்ஸினா வாசலில் நின்று பார்த்தாள். “வீட்டு வாசல்ல கபர்ஸ்தானத் திறக்கறீங்களா? டிக்கெட் எவ்வளவு?” என்றாள். பாதி வெட்டிய பீப்பாயில் நட்டு, தாழ்வாரத்து நிழலில் வைத்தேன். ஐந்தே நாளில் எல்லா இலையும் கொட்டிவிட்டது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. வெறும் குச்சி. காலையில் எழுந்து பெருக்குவதே என் வேலையாகிவிட்டது; சிவப்பும் மஞ்சளுமாக ஒரு முறம் நிறைய இலை. இத்தனை வருடம் கால்வாய் மதகைத் திறந்து மூடிய கை இது. தண்ணீரை எப்போது விடுவது, எப்போது நிறுத்துவது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்தச் செடிக்கு எவ்வளவு தண்ணீர் என்று தெரியவில்லை. ஒரு நாள் அதிகம், ஒரு நாள் கம்மி.

அடுத்த ஊர்த் தோட்டக்காரர் ஒருவர், வேர் பிடிக்கும்வரை வெயில் படாமல் துணி போர்த்தினால் பிழைக்கும் என்றார். வீட்டில் கிடைத்தது ஒரு பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பு. அதை ஒரு கழியில் கட்டிச் செடிக்கு மேல் தொங்கவிட்டேன். அன்று பார்த்துத் தர்ஸினா தெருப் பெண்கள் கூட்டத்துக்கு வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கழுவி வாசலில் வரிசையாகக் காயவைத்திருந்தாள். வாசலில் வெள்ளைத் துணி, வரிசையாக நாற்காலி, நடுவில் புரிங். நம் ஊரில் இதற்கு வேறென்ன அர்த்தம்? ஒன்பது மணிக்குள் கால்வாய்க்கு அந்தப்பக்கத்துப் பெண்கள் ஆறு பேர், இடுப்பில் அரிசிப் பேசினைத் துணியால் மூடி அணைத்துக்கொண்டு, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். தர்ஸினாவின் கையைப் பிடித்துக்கொண்டு “எப்ப நடந்துச்சு? நேத்துகூடச் சைக்கிள்ல போனாரே!” என்று ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். நான் உள்ளே இருந்து வெளியே வந்தேன். அவள் பேசினைக் கீழே போட்டுவிட்டாள்.

“யாரும் போகலயா?” என்று கேட்டாள் இன்னொருத்தி, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

“இன்னும் இல்ல” என்றாள் தர்ஸினா, என்னைப் பார்த்துக்கொண்டே. “உக்காருங்க, டீ போடறேன்.”

கொண்டுவந்த அரிசியைத் திருப்பி எடுத்துப்போக அவர்களுக்கு வெட்கம். வாங்கிக்கொள்ள எங்களுக்கு வெட்கம். கடைசியில் அந்த அரிசியைப் பள்ளிவாசலுக்குக் கொடுத்தோம். என் சாவுக்கு வந்த அரிசியை நானே சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன் அக்கா. வழியில் எதிர்ப்பட்ட இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் ஓரமாக நின்றுவிட்டார்கள்.

ஆனால் செடி பிழைத்தது. ஒரு மாதத்தில் கணுவுக்குக் கணு துளிர். நான் சின்னப் பையன்போல ஓடி வந்து தர்ஸினாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தத் துளிர் விரிந்தபோதுதான் அடுத்த வேதனை, எல்லாம் பச்சை. வெறும் கீரைப் பச்சை. அம்மாவின் சிவப்பு எங்கேயும் இல்லை. மாவுப்பூச்சி வேறு. சோப்புத் தண்ணீரில் துணி நனைத்து ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். என் மகளைக்கூட நான் அப்படி முகம் துடைத்துவிட்டதில்லை என்று தர்ஸினா சொல்கிறாள், உண்மைதான். பிறகு மெதுவாக, ஒரு வாரம் அரை வெயிலில், ஒரு வாரம் முழு வெயிலில் என்று நகர்த்தினேன். சிவப்பு வந்தது. முதலில் நரம்பில், பிறகு நடுவில், பிறகு முழுக்க. நிழலில் வைத்துக் காப்பாற்றினால் பச்சையாகிவிடுகிறது, வெயிலில் விட்டால்தான் சிவக்கிறது. இதற்கு ஏதோ அர்த்தம் இருக்க வேண்டும் என்று இரண்டு நாள் யோசித்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. செடியின் குணம் அது, அவ்வளவுதான்.

தினமும் காலையில் அதனிடம் உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். இதை வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். அம்மா கடைசி மாதங்களில் என்னை அழைத்தபோதெல்லாம் மதகு வேலை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். கோடைக்காலத்தில்கூட அப்படிச் சொல்லியிருக்கிறேன், கால்வாயில் சொட்டுத் தண்ணீர் இல்லாதபோது. அம்மாவுக்கு அது தெரியாதா? தெரியும். அதை எல்லாம் அந்தச் செடியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஒரு செடி தொலைந்தாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று கிளைகளில் பட்டையைச் சீவி, தேங்காய் நார் வைத்துக் கட்டிப் பதியன் போட்டேன். முதலில் வேர் விட்டதை நம் மருமகன் கேட்டு வாங்கிக்கொண்டு தியெங் மலைக்குப் போனான், உருளைக்கிழங்குத் தோட்டத்து வாசலில் வைக்க. அங்கே ஆடியில் விஷப்பனி விழும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்; யாருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. பத்தாம் நாள் பேசினான். “மாமா, காலைல பாத்தா புல்லெல்லாம் வெள்ளையா இருந்துச்சு. உங்க செடி அவிச்ச கீரை மாதிரி ஆயிடுச்சு. கோவிச்சுக்காதீங்க, உருளைக்கிழங்கும் போச்சு” என்றான். உருளைக்கிழங்கு போனவனிடம் செடிக்காக எப்படிக் கோபித்துக்கொள்வது?

இதற்குள் போன மாதக் கடைசியில் கபர்ஸ்தானைச் சுத்தம் செய்யும் நாள் வந்தது. எனக்கு அன்று காய்ச்சல், போகவில்லை. மறுநாள் போனால் கபர்ஸ்தான் பளிச்சென்று இருக்கிறது. புல் இல்லை, சருகு இல்லை, என் மூங்கில் கழியும் இல்லை. நம் தெருத் தலைவர் ஜெமிங்கானிடம் கேட்டேன்.

“அந்தக் கழியா? நல்ல நேரான கழி பாக். கொடி கட்ட எடுத்துக்கிட்டோம். பதினேழாந்தேதி சுதந்திர தினம் வருதில்ல?”

அம்மாவின் தலைமாட்டுக் கழி இப்போது கூட்டுறவுச் சங்க வாசலில் சிவப்பு வெள்ளைக் கொடியோடு நிற்கிறது. நான் அதைக் கடக்கும்போது தேசத்துக்காக வணங்குகிறேன் என்று நினைக்கிறார்கள்.

நானும் ஜெமிங்கானும் வரிசைக்குப் போய் நின்றோம். பதினான்கு மேடு, எல்லாம் வாரிச் சீவியது போல ஒரே மாதிரி. புரிங் எதுவும் இல்லை, கட்டை எதுவும் இல்லை. நான் மரத்திலிருந்து எண்ணி, “ஆறாவது. இதுதான் எங்கம்மா” என்றேன்.

“அது எங்க அத்தை” என்றார் ஜெமிங்கான்.

“உங்க அத்தை குள்ளம். இந்த மேடு நீளமாருக்கு.”

“செத்த பிறகு நீட்டித்தானே படுக்க வெச்சோம்!”

சொகிரானைக் கூப்பிட்டோம். அவர் ஒரு பக்கமிருந்து எண்ணினார், பிறகு மறுபக்கமிருந்து எண்ணினார். “ஐஞ்சு உங்கம்மா, ஆறு அவரு அத்தை. இல்லாட்டி ஆறு உங்கம்மா, ஐஞ்சு அவரு அத்தை. ரெண்டு பேருக்குள்ள சண்ட வராது, உயிரோட இருக்கும்போதும் ஒண்ணாத்தான் சந்தைக்குப் போவாங்க” என்றார். ஜெமிங்கான் மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நம்மதாவது ரெண்டுல ஒண்ணு பாக். பூகம்பத்துல போன அந்த ஏழு வீட்டுக்காரங்க, அவங்க நட்ட செடியும் போச்சு. முந்தாநாள் சுகினெம் வந்து ஒரு மேட்டுக்கும் இன்னொரு மேட்டுக்கும் நடுவுல உக்காந்திருந்தா. ஏன்னு கேட்டேன். ‘எம்புள்ள எதுலன்னு தெரியல, நடுவுல உக்காந்தா ரெண்டு பேருக்கும் கேக்குமில்ல’ன்னா.”

நான் செய்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது அக்கா. மற்றவர்கள் செடியைத் திருடன் கொண்டுபோனான். நம் அம்மாவுடையதை நானே கொண்டுபோனேன். உங்களுக்குத் தெரியாது என்பதால், வரும்போது ஏதாவதொரு மேட்டில் செடியை நட்டுவைத்து, “இதுதான்” என்று காட்டிவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். நீங்கள் நம்பியிருப்பீர்கள். உங்கள் கண்ணீரை ஜெமிங்கானின் அத்தை வாங்கிக்கொண்டிருப்பாள். என்னால் முடியவில்லை.

கடைசியில் வரிசைக்காரர்கள் எல்லாரும் சொகிரான் வீட்டில் கூடிப் பேசினோம். நோன்புக்கு முந்திய இந்த ரூவா மாதத்தில் தன் மேடு என்று யாரும் தேடவேண்டாம், பதினான்குக்கும் எல்லாரும் பூத் தூவுவோம், அப்பெம் ஆப்பமும் கோலாக் பாயசமும் ஒரே பாயில் வைத்து ஒரே துஆ ஓதுவோம் என்று முடிவு. “உங்க செடில பதினாலு தேறுமா பாக்?” என்று சுகினெம் கேட்டாள். ஒன்பது பதியனும் ஐந்து வெட்டுக்குச்சியுமாகத் தேறும். நேற்று எல்லா மேட்டுத் தலைமாட்டிலும் நட்டுவிட்டோம். திருட்டுப் போகாதா என்று கேட்பீர்கள். ஜெமிங்கான் விசாரித்துவிட்டார், ஒரே இடத்தில் பதினான்கு இருந்தால் அது அபூர்வச் செடி இல்லையாம், நகரத்தில் யாரும் தொடமாட்டார்களாம்.

ஆகையால் அக்கா, நீங்கள் வரும்போது பதினான்கு சிவப்புப் புரிங் நிற்கும், எல்லாம் நீங்கள் நட்ட அந்த ஒரே குச்சியின் பிள்ளைகள். அதில் ஒன்றின் கீழ் அம்மா இருக்கிறாள். எது என்று சொல்ல உங்கள் தம்பிக்கு வக்கில்லை. திட்டுவதை வந்து நேரில் திட்டுங்கள், நான் முழுக்கக் கேட்டுக்கொள்கிறேன், தொடர்பு அறுந்துபோகாது. அத்தானுக்கு என் சலாம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இறைவன் நீண்ட ஆயுளும் அகலமான சோறும் தரட்டும். கப்பலில் மேல்தளத்தில் நிற்கவேண்டாம், காற்று ஆகாது. தவறு எல்லாம் என்னுடையது, மன்னிப்பு உங்களுடையது.

இப்படிக்கு,
உங்கள் காலடியில்,
பொனிரான்

பின்குறிப்பு: கடிதத்தை மடிப்பதற்கு முன்னால் தர்ஸினாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல், “நாலாவது மேடு” என்றாள்.

“எது நாலாவது மேடு?”

“உங்கம்மா, என் அத்தை. மரத்துலருந்து நாலாவது. நீங்க செடியப் பிடுங்கின மறுநாளே நான் போயிட்டேன், குழி ஈரங்கூடக் காயல. மூங்கில் கழிய ஊர்ல எவனாவது எடுத்துட்டுப் போவான்னு எனக்குத் தெரியாதா? அத்தையோட சம்பல் அரைக்கிற கல் குழவியக் கொண்டுபோய்க் கழிகிட்ட ஒரு சாண் ஆழத்துல புதைச்சேன். கல்லு யாரு எடுப்பா?”

“நாலு மாசமா நான் சம்பல எதுல அரைக்கறேன்னு கேட்டீங்களா?” என்றாள் அவள். “கரடுமுரடா இருக்குன்னு மட்டும் சொன்னீங்க.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொல்லத்தான் இருந்தேன். நீங்க தெனமும் அந்தச் செடிகிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டிருந்தீங்க. முப்பத்திநாலு வருஷத்துல நீங்க யார்கிட்டயும் மன்னிப்பு கேட்டு நான் பாத்ததில்ல. கொஞ்ச நாள் கேக்கட்டும்னு விட்டேன்.”

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு தனியாகப் போனேன். நாலாவது மேட்டில் புதிதாக நட்ட செடிக்குப் பக்கத்தில் கையால் மண்ணைத் தோண்டிப் பார்த்தேன். கல் தட்டுப்பட்டது. அதன் வழவழப்பு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அங்கேயே உட்கார்ந்து அழுதேன் அக்கா, வெட்கமில்லாமல். ஜெமிங்கான் அந்தப் பக்கம் வந்து, “என்ன பாக், இப்ப நாலாவதும் உங்களுதா?” என்றார். “எறும்புப் புத்து பாத்தேன்” என்று சொல்லிவிட்டு மண்ணை மூடிவிட்டேன்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. எழுதியதில் பொய் எதுவும் இல்லை, எழுதும்போது எனக்குத் தெரியாது. ஆனால் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். மற்ற பதின்மூன்று மேட்டுக்கும் குழவி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. சுகினெமிடம் போய் எங்கள் அம்மா கிடைத்துவிட்டாள் என்று நான் எப்படிச் சொல்வேன்? அதனால் நீங்கள் வந்ததும் நேராக நாலாவதுக்குப் போகாதீர்கள். மரத்தடியிலிருந்து ஆரம்பித்து, ஒன்று, இரண்டு என்று எல்லாருக்கும் ஒரே அளவு பூத் தூவிக்கொண்டு வாருங்கள். நாலாவதில் மட்டும் கை கொஞ்சம் நிதானிக்கட்டும். யாராவது பார்த்தால், மூச்சு வாங்குகிறது என்று சொல்லுங்கள்.